விண்ணப்பம் யாருடையது?

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். பரீட்சையின் முடிவுகள் வெளியாகும் நாளில் மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றிலும் ஒரு கேள்வி எழுகின்றது. "பிள்ளையை எதற்குப் படிக்க வைப்பது?" என்பதே அக்கேள்வி. அதன் சொல்லமைப்பை அன்பர்கள் சற்றே கூர்ந்து நோக்க வேண்டும். "பிள்ளை எதைப் படிக்க விரும்புகின்றான்?" என்று கேட்பவர் சிலரே. படிக்கப் போகிறவன் பிள்ளை. படிப்பைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பெற்றோர், சிற்றப்பன், மாமன், அடுத்த வீட்டுக்காரர் ஆகியோர். இச்சிறு வேற்றுமைக்குள் பெரியதோர் அறநெறிப் பிரச்சினை அடங்கியிருக்கின்றது. ஒருவன் வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய தொழிலைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்விக்கு நம் முன்னோரின் சமூகம் ஒரே விடையை வைத்திருந்தது. பிறப்பே தொழிலைத் தீர்மானித்தது. குயவன் மகன் குயவன்; சலவைத் தொழிலாளியின் மகன் சலவைத் தொழிலாளி. மலாய் நாட்டிற்கு வந்த பின்னரும் அவ்விடை முற்றும் மாறிவிடவில்லை. ஐக்கிய மலாய் நாடுகளில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறுவர் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. பள்ளிகள் தோன்றின, ஆயினும் அவை ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. பால்மரம் வெட்டியவரின் பிள்ளை பால்மரத்தடிக்கே திரும்பினான். தமிழகத்தில் 1953ஆம் ஆண்டு, சென்னை இராச்சியத்தின் முதலமைச்சராயிருந்த இராஜகோபாலாச்சாரியார் ஓர் ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமச் சிறுவர் நாளில் ஒரு பகுதியைப் பள்ளியிலும், எஞ்சிய பகுதியைப் பெற்றோரின் தொழிலைப் பயில்வதிலும் கழிக்க வேண்டுமென்பது அதன் சாரம். அதனைக் குலக்கல்வித் திட்டமெனக் கண்டித்துப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் பெருங்கிளர்ச்சி செய்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அக்கிளர்ச்சியின் உட்பொருள் யாது? தந்தையின் தொழில் மகனுடைய தலைவிதியாகக் கூடாது என்பதே. இதனை இன்று மறுப்பார் நம்மில் இல்லை. ஆனால் குலத்தொழிலைப் புறந்தள்ளிய நாம், அந்த இடத்தில் எதனை வைத்திருக்கின்றோம்? மருத்துவம், சட்டம், பொறியியல் என்னும் மூன்றினுள் ஒன்றைப் பிள்ளை பிறந்த அன்றே குறித்து வைத்துவிடுகின்றோம். முன்பு பிறப்பு செய்த வேலையை இப்பொழுது பெற்றோர் செய்கின்றனர்.

இவ்விரண்டையும் ஒப்பிடுதல் அநீதி என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். குலத்தொழில் மனிதனைத் தாழ்த்தி வைத்தது. பெற்றோரின் ஆசையோ பிள்ளையை உயர்த்த முயல்கின்றது. இரண்டும் ஒன்றாகுமா என்பர். இவ்வாட்சேபணையில் உண்மை உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. எனினும், குலத்தொழில் முறையிலே இருந்த தீங்கு ஒன்றன்று, இரண்டாகும். மனிதனைத் தாழ்த்தியது ஒரு தீங்கு. அவனை ஒரு வார்த்தையும் கேளாமலே அவன் வாழ்வை முடிவு செய்தது மற்றொரு தீங்கு. முன்னதை நாம் பெரும்பாலும் களைந்துவிட்டோம். பின்னது பட்டாடை உடுத்திக்கொண்டு நம் வீட்டுக் கூடத்திலேயே வீற்றிருக்கின்றது.

நிற்க. பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் முழுமையாகக் கேட்டல் வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு உலகம் தெரியாது. இன்று விரும்பியதை நாளை வெறுப்பான் என்பது அவர்தம் முதல் வாதம். கல்விக்குப் பணம் தருவோர் நாமே என்பது இரண்டாம் வாதம். வாயில்கள் குறுகியவை, ஏழைக் குடும்பம் ஒருமுறை தவறினால் மறுமுறை எழ இயலாது என்பது மூன்றாம் வாதம்.

மூன்றாம் வாதம் வெறும் அச்சத்தின் விளைவன்று. மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் 90 விழுக்காடு பூமிபுத்திரருக்கும் 10 விழுக்காடு ஏனையோருக்கும் என்றிருந்த பங்கீடு, 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டபோதும் மாறவில்லை. 2024ஆம் ஆண்டிலேதான், எஸ்.பி.எம். பரீட்சையில் பத்து ஏ அல்லது அதற்கு மேற்பட்டுப் பெற்றவர் எவ்வினத்தவராயினும் இடமுண்டு என்று பிரதமர் அறிவித்தார். எஸ்.டி.பி.எம். வழியோ மூன்று தவணைகள் கொண்டது. கடுமையானதென்று பெயர் பெற்றது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யூ. வாயிலாக விண்ணப்பிக்கையில் தகுதிப்புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியதாகின்றது. இத்தனைத் தடைகளையும் காணும் தாய் தந்தையர், உறுதியான பிடியொன்றைத் தேடுவது இயற்கையே. அவர்களை இகழ்வது நமது நோக்கமன்று.

ஆயினும் வாதங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம். பிள்ளைக்கு உலகம் தெரியாதென்றால், பெற்றோருக்குத் தெரிந்த உலகம் எது? அவர்கள் தம் இளமையிற் கண்ட உலகம். மருத்துவப் பட்டம் பெற்றவர்க்கு நிரந்தர அரசாங்க உத்தியோகம் உறுதி என்றிருந்த காலத்தை அவர்கள் கண்டனர். 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் புதிய மருத்துவர்களை ஒப்பந்த முறையில் நியமிக்கும் வழக்கம் வந்தது. 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், நாட்டின் பல மருத்துவமனைகளில் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்து நின்ற காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். மருத்துவம் தாழ்ந்த தொழில் என்பது இதன் பொருளன்று. பெற்றோரின் அனுபவமும் காலத்தால் பழையதாகும் என்பதே பொருள். பிள்ளைக்கும் முழுதும் தெரியாது. பெற்றோருக்கும் முழுதும் தெரியாது. தெரியாதவர் இருவராயின், ஒருவர் மற்றவருக்குக் கட்டளையிடுதல் எங்ஙனம் பொருந்தும்? இருவரும் சேர்ந்து விசாரித்தலே பொருந்தும்.

இரண்டாம் வாதமாகிய பணத்தைப் பார்ப்போம். பெற்ற பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது தர்மமா, கடமையா? கடமையென்றே நாம் கூறுவோம். கடமையைச் செய்கிறவர் அதற்கு விலை கேட்கலாகாது. ஆனால் கடமைக்கும் எல்லையுண்டு. குடியிருக்கும் வீட்டை ஈடுவைத்துத் தனியார் கல்லூரிக்குச் சில லட்சம் ரிங்கிட் கட்டுவது கடமையைக் கடந்தது, அது கொடை. கொடையை ஏற்கவும் மறுக்கவும் பெறுகிறவனுக்கு உரிமை உண்டு. ஆகவே வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்னர், "உனக்கு இது வேண்டுமா?" என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். கேளாது கொடுத்த கொடை, பின்னர் அவன் கழுத்தில் நுகத்தடியாகின்றது. "உனக்காக வீட்டை வைத்தோமே" என்ற ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு எத்தனை இளைஞர், மனம் ஒட்டாத படிப்பைத் தொடர்கின்றனர்! தவிரவும், பி.டி.பி.டி.என். கடனைப் பெறுகிறவர்களின் நிலையை எண்ணுங்கள். 1997இல் தோன்றிய அந்நிதியில் கடன் எழுதப்படுவது மாணவன் பெயரில். படிப்பு முடிந்த பின் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியவனும் அவனே. கடன் அவனுடையது, உழைப்பு அவனுடையது, ஆண்டுகள் அவனுடையவை. முடிவு மட்டும் பிறருடையது என்பது எந்த நியாயத்தின்பாற்படும்?

"என்னால் இவ்வளவே தர இயலும்" என்று தந்தை கூறலாம். அஃது உண்மையைக் கூறுதல். "இத்துறையில் எனக்கு இன்னின்ன ஐயங்கள் உண்டு" என்று தாய் கூறலாம், அஃது அறிவுரை. "நான் சொன்னதைப் படிக்காவிடில் என் முகத்தில் விழியாதே" என்பது இவ்விரண்டிலும் சேராது, அது மிரட்டல்.

பெற்றோரின் திட்டப்படியே வளர்க்கப்பட்ட ஒருவருடைய வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1806இல் பிறந்தவர். அவர் தந்தை ஜேம்ஸ் மில், மூன்று வயதிலேயே மகனுக்குக் கிரேக்க மொழியைக் கற்பிக்கத் தொடங்கினார். எட்டு வயதில் இலத்தீன். மகன் எதற்காக வாழ வேண்டும் என்பதையும் தந்தையே வகுத்து வைத்திருந்தார். 1826ஆம் ஆண்டில், இருபது வயதில், மில் தன்னையே ஒரு கேள்வி கேட்டார்: தன் வாழ்வின் நோக்கங்கள் யாவும் இக்கணமே நிறைவேறினால் தனக்கு இன்பம் உண்டாகுமா? இல்லையென்றே உள்ளம் உரைத்தது. அவர் நெடுநாள் மனம் சோர்ந்து கிடந்தார். இதனைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியுள்ளார். அதே நூலில், தந்தை தந்த கல்வி தம் வயதினரைவிடத் தம்மைப் பல ஆண்டுகள் முன்னே நிறுத்தியது என்றும் நன்றியோடு ஒப்புக்கொள்கின்றார். இரண்டும் உண்மையே. தந்தை தந்த அறிவு மகனுக்குத் துணையாயிற்று. தந்தை தந்த நோக்கமோ மகனைத் தாங்கவில்லை. மனிதன் தன் வாழ்க்கைத் திட்டத்தைத் தானே தேர்ந்தெடுக்கும்போதுதான் அவனுடைய ஆற்றல்கள் அனைத்தும் தொழிற்படுகின்றன என்று 1859இல் அவர் வாதித்ததற்குப் பின்னால் இவ்வனுபவமும் நிற்கின்றதென நாம் கருதுகின்றோம்.

இத்துணையும் படித்த மாணாக்கர், "வெற்றி நமதே" என்று எண்ணிவிட வேண்டாம். உரிமை கேட்பவன் அதற்குரிய உழைப்பையும் ஏற்க வேண்டும். நண்பன் சேர்ந்தான், நானும் சேர்கின்றேன் என்பது சுதந்திரமன்று. தந்தையின் ஆணைக்குப் பதிலாகக் கூட்டத்தின் ஆணைக்குக் கீழ்ப்படிதலே அது. யு.பி.யூ. விண்ணப்பத்தில் 12 விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். அப்பன்னிரண்டில், பாடங்களின் பெயரையன்றி வேறொன்றும் அறியாமல் குறிப்பவை எத்தனை? அத்துறையில் என்ன கற்பிக்கின்றனர், சென்ற ஆண்டுகளில் எத்தகைய தேர்ச்சி வேண்டப்பட்டது, அத்தொழிலில் இருப்போரின் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்று விசாரித்தீர்களா? சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. "ஏன் இத்துறையை விரும்புகின்றாய்?" என்று அங்கே கேட்பார்கள். அனுப்பப்பட்டவன் அதற்கு மனப்பாடம் செய்த விடையைத்தான் கூற இயலும். தன் வாழ்க்கையின் முதற்பெரும் வாயிலை ஒருவன் பொய்யோடு கடப்பது எவ்வளவு பரிதாபம்! விரும்பிச் சென்றவனோ தடுமாறியேனும் மெய்யையே கூறுவான்.

நம் பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்பிள்ளைக்கு "இன்னதைப் படி" என்ற ஒரு கட்டளை மட்டுமே உண்டு. பெண்ணுக்கோ, "வீட்டிற்கு அருகிலேயே படி; கலியாணத்திற்குத் தடையாகாததைப் படி" என இன்னும் இரண்டு சேர்கின்றன. அவள் பெற்ற மதிப்பெண்ணுக்குக் கைதட்டிவிட்டு, அம்மதிப்பெண் திறந்த கதவை அடைக்கும் வழக்கம் நம்மைவிட்டு ஒழிய வேண்டும்.

இறுதியாக, வழிகாட்டுவோர் எவருமில்லாத பிள்ளைகளின் நிலை. கல்லூரி வாயிலை மிதித்திராத பெற்றோர் பலர், "உன் விருப்பம் போல் செய்" என்று முழுச் சுதந்திரம் அளித்துவிடுகின்றனர். ஆனால் எந்த வாயில் எங்கே இருக்கிறதென்றே அறியாதவனுக்குக் கிடைத்த சுதந்திரம், இருட்டறையில் விட்டவனுக்குக் கிடைத்த சுதந்திரமே. இங்கே கடமை சமூகத்தினுடையது. நம் சங்கங்கள், பரீட்சை முடிவு வந்த பின் மாலை சூட்டிப் பரிசளிக்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால் அவ்விழாவிற்கு ஈராண்டுகள் முன்னரே, நான்காம் படிவத்திலேயே, அப்பிள்ளைகளை அழைத்து ஆறாம் படிவம் எது, மெட்ரிகுலேஷன் எது, போலிடெக்னிக் எது, எந்தக் கடன் எவ்வாறு அடைபடும் என்று விளக்கினால், மாலை சூட்டப்படுவோர் தொகை பெருகும். ஏற்கனவே அவ்வழி சென்று வந்த ஒவ்வொரு பட்டதாரியும் ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்குதல் பெரிய தியாகமாகாது.

விண்ணப்பத்தில் எழுதப்படும் பெயர் மாணவனுடையது. கூறியன யாவும் உண்மை என்று உறுதி சொல்பவனும் அவனே. அவ்வுறுதிமொழி உண்மையாக வேண்டுமாயின், விருப்பமும் அவனுடையதாகவே இருத்தல் வேண்டும். பெற்றோரே, உங்கள் அறிவைத் தாருங்கள், ஐயங்களைக் கூறுங்கள், இயன்ற பொருளைத் தாருங்கள். மாணாக்கரே, அவற்றைப் பொறுமையுடன் கேளுங்கள், நன்கு விசாரியுங்கள், பின்னர் நீங்களே முடிவு செய்யுங்கள். பிறப்பு தொழிலை வகுக்கலாகாதென்று போராடிய மக்களின் வழிவந்தோர், தம் வீட்டுக்குள்ளும் அந்நீதியை நிலைநிறுத்துவார்களாக.