அழித்தலும் குறித்தலும்

ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாமா? திருத்தலாம் எனின், திருத்திய செய்தியைப் படிப்போர்க்கு அறிவிக்கும் கடமை உண்டா, அன்றி நல்ல நோக்கம் ஒன்றே போதுமா? ஏடெழுதிய காலந்தொட்டுத் தமிழ்ப் புலவர் எதிர்கொண்ட வினா இது. அவ்வினா இன்று விக்கி என்னும் கூட்டெழுத்து முறையின் வழியே நம் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது.

வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1995-இல் தாம் அமைத்த இணையதளத்திற்கு, விரைவு எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லைப் பெயராக இட்டார். அம்முறையைத் தழுவி 2001-இல் விக்கிப்பீடியா எழுந்தது. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பரில் தோன்ற, தமிழ் விக்கிப்பீடியா மறு ஆண்டு தோன்றியது. (அண்டை வீட்டார் நம்மை முந்திக்கொண்டதில் நமக்கு வருத்தம் வேண்டுவதில்லை.) தமிழில் அதற்கு அடித்தளம் இட்டவருள் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அவரும் நம்மைப் போல் புலம்பெயர்ந்து வாழ்ந்தவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தில் ஒரு பிழையைக் கண்டவர், மறுபதிப்பிற்காகக் காத்திருக்க வேண்டியவரானார். விக்கியிலோ பிழையைக் கண்டவரே திருத்திவிடலாம். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடிக் கட்டுரை எழுதலாமோ என்று பெரியோர் ஐயுறுவதில் வியப்பில்லை. கல்லாதான் கைபட்டுக் கற்றவன் எழுத்து அழியாதா?

அழியாது. கட்டுரையைக் காட்டிலும் அதன் ஓரங்களில் அமைந்துள்ள கருவிகளே இதற்குக் காரணம். ஒவ்வொரு பக்கத்திற்கும் 'வரலாறு' என்றொரு பகுதி உண்டு. யார், எந்த நாளில், எந்த மணியில், எச்சொல்லை நீக்கி எச்சொல்லை இட்டார் என்பது அதில் வரிசையாக நிற்கும். பழைய வடிவை எவரும் மீட்கலாம். திருத்தத்தின் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைக்க இடம் உண்டு. கருத்து வேறுபட்டால் வாதிட உரையாடல் பக்கம் தனியே உண்டு. அவதூறு போன்றவற்றை மட்டும் நிருவாகிகள் வரலாற்றிலிருந்தும் மறைக்கலாம். மறைத்ததற்கும் ஒரு பதிவு எஞ்சும்.

அரசு அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. கோப்பு என்பது இரு பகுதிகளை உடையது: ஒருபுறம் கடிதங்கள், மறுபுறம் குறிப்புகள். எழுத்தர் எழுதிய குறிப்பை மேலதிகாரி ஏற்காவிடின், அதைக் கிழித்தெறிதல் முறையன்று. அதன்கீழ்த் தம் கருத்தை எழுதி ஒப்பமிடுவார். கோப்புகள் கணினிக்கு மாறியபின்னும் அந்நெறி மாறவில்லை. மின் அலுவலக முறையில் மஞ்சள் குறிப்பு என்பது வரைவு. அது பச்சைக் குறிப்பாக உறுதிபெற்றபின் எழுதியவராலும் மாற்ற இயலாது. பத்தாண்டு கழித்துக் கோப்பைப் புரட்டுபவன், முடிவு இன்னதென்பதோடு எவ்வாறு பிறந்ததென்பதையும் அறிகின்றான்.

நம் இலக்கிய வரலாற்றில் இவ்வொழுக்கம் இருந்ததும் உண்டு. இல்லாது போனதும் உண்டு. கம்பராமாயணத்தில் புகுந்துள்ள 'வெள்ளிப் பாடல்கள்' எனப்படும் இடைச்செருகல்களை நோக்குக. செருகியவர் கம்பனைப் பழிக்க எண்ணியவர் அல்லர். கம்பனுக்குத் துணைசெய்வதாகவே எண்ணியிருப்பர். ஆயினும் சுவடு விடாமற் செய்த அத்துணை, பின்வந்த புலவரைப் பெரும்பாடு படுத்திற்று. இதற்கு எதிர்ப்புறத்தில் நின்றவர் இரசிகமணி டி. கே. சி. கம்பன் வாக்கன்று எனத் தம் சுவையுணர்வு சொன்ன பாடல்களை விலக்கியும், சொற்களை மாற்றியும் பதிப்பித்தார். அவருடைய சுவையை நான் பெரிதும் மதிக்கின்றேன். அவ்வுரிமையை அவர் எடுத்துக்கொண்டதை ஏற்க மனம் வரவில்லை.

உ. வே. சாமிநாதையர் சென்ற வழி வேறு. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த அப்பெருமகனார், ஏடுகளை ஒப்புநோக்கிக் கொண்ட பாடத்தை மேலே வைத்தார். பிற பாடங்களை அடிக்குறிப்பில் வாழவிட்டார். தாம் தேர்ந்தது தவறாயின், பின்வருவோன் திருத்திக்கொள்ள வழி திறந்தே கிடந்தது. தமக்கு உடன்பாடில்லாத உரையையும் 'என்பாரும் உளர்' என்று எடுத்துக்காட்டும் பழைய உரையாசிரியர் மரபின் தொடர்ச்சியே இது.

நூல்களை ஏற்றும் விக்கிமூலத்தில் இவ்வறம் ஒரு விதியாகவே அமைந்துள்ளது. அச்சுப் பக்கத்தின் படம் ஒருபுறமும், தட்டெழுதிய பாடம் மறுபுறமும் இருக்கும். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், மற்றொருவரும் பார்த்து உறுதிசெய்தது பச்சை. தாம் மெய்ப்புப் பார்த்த பக்கத்திற்குத் தாமே பச்சை வழங்க இயலாது. தன் பிழை தன் கண்ணுக்குப் புலப்படாது என்னும் உண்மையை இயந்திரத்திற்கும் கற்பித்திருக்கின்றனர்!

எனினும், குறிப்பு எழுதுதல் எப்போதும் அறமாகிவிடாது. ஐயத்திற்குரிய வாக்கியத்தின் அருகே 'சான்று தேவை' என்று எழுதிவிட்டு அகன்றுவிடலாம். அக்குறிப்பு ஆண்டுக்கணக்கில் அங்கேயே தொங்கும். எழுதியவர் தம் கடன் தீர்ந்ததாக மகிழ்வார். கோப்புகளில் 'பார்வைக்கு' என்று எழுதி அடுத்த மேசைக்கு அனுப்பும் கலையை ஒத்தது இது. நூலகம் சென்று நூலைப் புரட்ட ஒரு மணி நேரம் ஆகும். குறிப்பு எழுத ஒரு நொடி போதும். நொடியைத் தேர்ந்தவன் ஐயுற்றான் என்பதற்காக மட்டும் அவனை நேர்மையாளன் எனல் சாலாது.

பகுப்பு என்னும் மற்றொரு கருவி, கேரளத்தில் வாழும் நம்மைச் சிறப்பாகத் தொடுகின்றது. அலுவலகப் பெட்டகத்தில் ஒரு கோப்பு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். விக்கிக் கட்டுரையோ ஒரே காலத்தில் பல பகுப்புகளில் இருக்கலாம். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையிற் பிறந்தார். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை ஆராய்ந்தார். 1891-இல் தமிழ் நாடகம் வெளியிட்டார். அவர் கேரளத்தாரா, தமிழரா என்னும் வழக்கிற்கே அங்கு இடமில்லை. இரண்டிலும் வைக்கலாம். இங்குள்ள பள்ளியில் மலையாளம் முதன்மொழியாகப் பயிலும் நம் பிள்ளைகளிடம் 'நீ எந்த ஊர்' என்று கேட்போர், இப்பகுப்பு முறையைச் சற்றே பயிலலாம்.

அவர் நாடகத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்தைத் தமிழக அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது, பிற திராவிட மொழிகள் தமிழினின்று பிறந்தன என்னும் கருத்துடைய வரிகளும், வடமொழி பற்றிய வரியும் விடப்பட்டன. அவையில் பாடுவதற்கு அது தக்க செயலே. மலையாள நண்பர் அருகில் நிற்க நாம் அவ்வரிகளைப் பாடுதல் அழகன்று. ஆனால் மனோன்மணீயம் நூலிலிருந்தே அவற்றை எடுத்துவிடுவது வேறு செயல். பாட்டில் விடலாம், பதிப்பில் விடலாகாது, விட்டது எதுவெனக் கேட்பார்க்கு மறைக்கவும் ஆகாது.

இனி நம் ஊர்ச் செய்தி ஒன்று. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், தம் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டவர் என்று கூறுகின்றன. டச்சு ஆட்சி இங்கு 1663 முதல் 1795 வரை நடந்தது. இச்செய்தியை விக்கியில் ஒருவர் எழுதுகின்றார் எனக் கொள்வோம். சான்று இல்லையென்று நீக்கினால், எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் வரலாறு எழுத்தில் இல்லை என்பதற்காகவே அழிக்கப்படும். மறுப்பற்ற உண்மையாக எழுதினால், நாளை எவர் எதைச் சொன்னாலும் நிறுத்த வழியிராது. 'என்று அக்குடும்பத்தார் கூறுகின்றனர்' என எழுதி, எங்கே, எப்போது, எந்த அச்சுப் பக்கத்தில் கூறினர் என்று அடிக்குறிப்பு இட்டால் இரண்டு கேடும் நீங்கும். ஆனால் அவ்வடிக்குறிப்பிற்கு முதலில் ஓர் அச்சுப் பக்கம் வேண்டும். காக்கநாட்டின் இன்ஃபோபார்க்கில் பணியாற்றும் நம் இளைஞர் கருவிகளை நன்கு அறிவர். அங்கிருந்து தோபிகானாவுக்குப் பேருந்தும் உண்டு. அம்முதியோர் சொல்வதை, சொன்னவர் ஒப்புதலோடும் சொன்ன நாளோடும் எழுதிவந்து அடுத்த ஆண்டு மலரில் அச்சேற்றுவார் யாரேனும் முன்வருவாராயின், அதற்குச் சில பக்கங்களை ஒதுக்கிவைக்க வேண்டுமென மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன்.