லீவுக் கடிதத்தில் எழுதும் காரணம்

யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்பவருக்குக் கொழும்பில் நேர்முகத் தேர்வு என்றால் இரண்டு இரவுத் தூக்கம் போய்விடும். வேலை முடிந்து இரவு பஸ் ஏறினால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விடியப் புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, மடிப்புக் குலையாமல் பையில் கொண்டுவந்த சட்டையை மாற்றிக்கொண்டு போக வேண்டும். அன்றிரவே திரும்பினால்தான் அடுத்த நாள் காலை வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கலாம். ஒரே நாளில் இரண்டு, மூன்று நேர்முகங்களை வைத்துக்கொள்ளப் பலர் பார்ப்பது இதனால்தான். இதைப் பேராசை என்பது நியாயமில்லை.

ஆனால் லீவுக் கடிதத்தில் என்ன எழுதுவது? காய்ச்சல் என்பார்கள், அம்மம்மா ஆஸ்பத்திரியில் என்பார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் முதலாம் ஆண்டு கடந்த ஊழியருக்கு ஆண்டுக்கு 7 நாள் அமைய லீவு தருகிறது. சுகவீனத்துக்கு மட்டுமல்ல, சொந்த அலுவலுக்கும் அதை எடுக்கலாம். அப்படியிருக்க இல்லாத நோயை எழுதத் தேவையே இல்லை. எங்கே போகிறேன் என்று சொல்லாமல் விடுவது பொய்யாகாது. காய்ச்சல் என்று எழுதுவது பொய். அதை நம்பி வீடு தேடி வரும் சக ஊழியரின் அக்கறையையும் அது ஏமாற்றுகிறது.

உண்மையைச் சொல்லப் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. முதலாளி நினைத்தபடி ஆளை நீக்குவதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தாது. நாலைந்து பேர் நிற்கும் கடையில் “இவர் போகப் பார்க்கிறார்” என்ற பேச்சு முதலாளி காதுக்கு எட்டினால், புது வேலை கிடைக்குமுன் பழையது போய்விடலாம். அரச ஊழியருக்கு இந்தப் பயம் குறைவு. வேறு பதவிக்கான விண்ணப்பத்தை அவர் திணைக்களத் தலைவர் ஊடாகத்தான் அனுப்புகிறார். 2022 நெருக்கடியில் அரசாங்கமே, மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அரசுக்குத் துரோகமாகத் தோன்றாத ஒன்று, ஒரு தனியார் ஊழியர் செய்தால் மட்டும் துரோகமாகிவிடுமா?

ஆகாது. ஆனால் லீவு நாளுக்கு உள்ள உரிமை வேலை நேரத்துக்கு இல்லை. களஞ்சிய அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணித்தியாலம் சூமில் நேர்முகம் கொடுப்பவருக்கு அந்த நேரத்துக்கும் சம்பளம் ஓடுகிறது. வெளியே வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்களைத் தனியே சமாளிப்பவர் அதே சம்பளம் வாங்கும் இன்னொரு பிள்ளை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பேசியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய பிழை நேர்முகங்கள் முடிந்தபின் நடக்கிறது. ஓரிடத்தில் வருகிறேன் என்று கையெழுத்து வைத்தபின், இன்னோரிடத்தில் சம்பளம் கூடுமா என்று தொடர்ந்து பேரம் பேசுகிறார்கள். சேர வேண்டிய நாளில் தொலைபேசியை எடுப்பதில்லை. நேர்முகங்கள் எத்தனை என்றாலும் பரவாயில்லை, கொடுக்கும் சம்மதம் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனம் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடுத்த இடத்தில் தெரிவாகியிருந்தவருக்கு “ஆள் எடுத்தாயிற்று” என்ற பதில் அதற்குள் போயிருக்கும். அவரும் கிளிநொச்சியிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ இரவு பஸ்ஸில் போய்வந்தவராக இருக்கலாம். வேறிடம் கிடைத்த அன்றே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் அந்த வேலை அவருக்குப் போயிருக்கும்.