பட்டமும் பதக்கமும்

பட்டம், கற்றதற்குச் சான்று. பதக்கம், கற்றதைப் பிறர்க்குப் பயன்படச் செய்ததற்குச் சான்று. முன்னதைத் தேர்வு நடத்தித் தருகிறார்கள். பின்னதற்குத் தேர்வு எது? வினா விடுப்பவர் யார்? மதிப்பெண் இடுபவர் யார்? விருது என்ற சொல் காதில் விழுந்ததும் கைதட்டப் பழகிவிட்டோம். தட்டுமுன் இந்த வினாக்களை எழுப்பவும் பழகிட வேண்டாமா?

கடல் கடந்த நாட்டிலே நமக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில் உள்ளது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். தன்னிடம் இளங்கலை பயின்று, வெளியுலகிலே நாட்டுத் தொண்டால் சிறந்தவரை ஆண்டுதோறும் அழைத்து அது பாராட்டுகிறது. முன்னாள் இளங்கலை மாணவர்க்கு அது வழங்கும் மிக உயர்ந்த சிறப்பு இதுவே. 1956இல் தொடங்கிய அந்தச் சிறப்பின் பெயர், உட்ரோ வில்சன் விருது.

யார் இந்த வில்சன்? 1879இல் அங்கே பட்டம் பெற்றவர். 1902 முதல் 1910 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவர். 1913 முதல் 1921 வரை அமெரிக்கக் குடியரசின் தலைவர். கல்வி நாட்டின் பணிக்கே என்று 1896இல் அவர் ஆற்றிய உரையே விருதுக்கு அடிப்படை. நல்ல கொள்கை, நாமும் தலைவணங்கி ஏற்கத்தக்க கொள்கை.

ஆனால், அவர் சொன்ன நாட்டிலே யார் யார் இருந்தார்கள்? அவர் தலைவராக இருந்த நாளில் கருப்பின மாணவர்க்குப் பிரின்ஸ்டனின் கதவு திறக்கவில்லை. அங்கே சேர விரும்பி எழுதிய கருப்பின இளைஞருக்கு, வருவது உகந்ததன்று என்பதே 1909இல் அவர் தந்த விடை. குடியரசுத் தலைவரான பிறகோ, மைய அரசின் அலுவலகங்களிலேயே வெள்ளையரையும் கருப்பினத்தவரையும் பிரித்து வைக்க அவருடைய ஆட்சி இடம் கொடுத்தது. 1914இல், வேலைக்கு மனுச் செய்வோர் நிழற்படமும் இணைக்க வேண்டும் என்றார்கள். திறமையைத் தேடுவோர்க்குத் தேர்வுத்தாள் போதும்; நிறத்தைத் தேடுவோர்க்குத்தானே நிழற்படம் வேண்டும்!

"அது அந்தக் காலம், அந்நாளைய வழக்கப்படி நடந்தார், இந்நாளைய அளவுகோலால் அவரை அளக்கலாமா?" என்று கேட்பர் சிலர். விடை சொல்ல நாம் வேண்டியதில்லை. அந்தக் காலமே சொல்கிறது.

1914 நவம்பரில், வெள்ளை மாளிகையில் வில்சனின் எதிரே ஒருவர் நின்றார். வில்லியம் மன்றோ டிராட்டர் என்பது அவர் பெயர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்; இதழாசிரியர்; கருப்பினத்தவர். 1912 தேர்தலில் வில்சனை நம்பி ஆதரித்தவரும் அவரே. நம்பிக்கை பொய்த்ததும் நேரே சென்று நியாயம் கேட்டார். பிரித்து வைப்பது இழிவன்று, நன்மையே என்றார் குடியரசுத் தலைவர். இழிவே என்று எடுத்துரைத்தார் இதழாசிரியர். பேச்சின் தொனி தம்மைப் புண்படுத்துகிறது என்று சினந்தார் வில்சன். கோடிக்கணக்கான மக்களின் உள்ளம் புண்பட்டது அவருக்குத் தொனியாகக்கூடப் படவில்லை!

ஒரே அறை, ஒரே ஆண்டு, இருவரும் பட்டதாரிகள். ஒருவரிடம் பதவி இருந்தது. மற்றவரிடம் நியாயம் இருந்தது. காலத்தின் மீது பழியைப் போட்டுத் தப்ப முடியுமா? டிராட்டரும் அதே காலத்தின் பிள்ளையன்றோ! அந்த அறையிலே தலைமை எவரிடம் இருந்தது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், தோழர்களே!

அந்த வினா உறங்கிவிடவில்லை. 2015 நவம்பரில் பிரின்ஸ்டன் மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்திலேயே அமர்ந்து போராடினார்கள். 2020 ஜூனில், பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து வில்சன் பெயரை நீக்கியது பல்கலைக்கழகம். விருதின் பெயரை மட்டும் அப்போது நீக்கவில்லை. நன்கொடையாக வந்த விருது. அவர் பெயரால் வழங்குவோம் என்று ஒப்பி வாங்கியது. சட்டப்படி கட்டுப்பட்டிருக்கிறோம் என்றார்கள். சொன்ன சொல் காப்பது நன்றே. ஆனால் ஒப்பந்தம் பெயரைக் காக்கும், பெருமையைக் காக்குமா?

அப்படியானால் விருதே வீணா? அன்று. 1993இல் அதைப் பெற்றவர் வெண்டி காப் என்னும் பெண்மணி. 1969இல்தான் மகளிரை இளங்கலை வகுப்பில் சேர்த்த பல்கலைக்கழகம் அது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண் அவரே. 1989இல் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டிலே அவர் ஒரு திட்டம் வகுத்தார்: புதிய பட்டதாரிகள் ஈராண்டுக் காலம் ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளில் பாடம் சொல்லித் தரவேண்டும். ஏட்டோடு நிற்கவில்லை திட்டம். 'டீச் ஃபார் அமெரிக்கா' என்ற இயக்கமாயிற்று. ஈராண்டிலே ஆசிரியர் விடைபெற்றுச் சென்றால் குழந்தையின் கதி என்ன என்று கேட்போரும் அந்நாட்டில் உண்டு. கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்வியே அது. கரும்பலகையின் முன் நிற்கும் நமக்குத் தெரியும், ஈராண்டில் ஆசிரியன் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறான், அவ்வளவே! எனினும் அந்தத் திட்டத்தை மதிப்பிட வேண்டியவர் விழா மேடையில் இருப்பவரல்லர்; கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கும் அந்தக் குழந்தை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. தொண்டுக்கு மதிப்பெண் இடும் உரிமை, தருபவனிடம் இல்லை, பெறுபவனிடமும் இல்லை, வாயிலுக்கு வெளியே நிற்பவனிடம் இருக்கிறது. பிரின்ஸ்டன் ஊரிலேயே 1898இல் பிறந்தவர் பாடகர் பால் ராப்சன். அடிமையாய்ப் பிறந்து மதகுருவாய் உயர்ந்தவரின் மகன். பிறந்த ஊரிலேயே பல்கலைக்கழகம் இருந்தும், வேறோர் ஊரிலே, ரட்கர்ஸ் கல்லூரியிலேதான் 1919இல் பட்டம் பெற்றார். அவர் போன்றோரின் கண்ணால் பார்த்தால் எந்தத் தலைமை தேறும், எந்தத் தலைமை தேறாது என்பது விளங்கிவிடும்.

வில்சனின் நல்ல சொல்லை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் வாய்ச் சொல்லாயினும் மெய்ம்மையை ஆராய்ந்து கொள்ளச் சொன்னவர் வள்ளுவர். சொல்லை எடுத்துக்கொள்வோம், அந்தச் சொல்லைக் கொண்டே சொன்னவரையும் அளப்போம். அதுவே பகுத்தறிவு.

பட்டம் பெற்ற இளைஞனே! உனக்குப் பதக்கம் வரலாம், வராமலும் போகலாம். டிராட்டருக்கு அன்றைய வெள்ளை மாளிகை காட்டியது வாயிற்படியைத்தான். நீ படித்த கூடத்தின் கதவை, படிக்க முடியாமல் நின்றவனுக்குத் திறந்துவிட்டாயா? அவன் ஆம் என்று சொல்லட்டும். அதற்குமேல் ஒரு பதக்கமும் வேண்டியதில்லை.