குடியிலிருந்து மீட்ட ஒரு கன்னிகை



நல்ல சமாரித்தன் உவமையை நாம் சிறு பிராயம் முதல் கேட்டு வருகிறோம். அதில் குற்றுயிராய்க் கிடந்தவன் கள்ளர் கையில் அகப்பட்டவன். தன் குற்றத்தால் விழுந்தவன் அல்லன். ஆகையால் அவனுக்காக மனமிரங்குவது நமக்கு எளிதாயிருக்கிறது. ஆனால் ஒருவன் தன் கையாலேயே தன்னைக் கெடுத்துக்கொண்டு, குடித்துத் தெருவோரத்தில் விழுந்து கிடந்தால் என்ன செய்கிறோம்? விலகிப் போவதற்கு நியாயம் உண்டென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி விலகிப் போகாத ஒரு கன்னிகையின் சரித்திரத்தை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

சகோதரி மரிய இக்னேஷியா 1889-ம் ஆண்டு அயர்லாந்து தேசத்து மேயோ மாவட்டத்தில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்று கிளீவ்லாந்து நகரில் வளர்ந்தார். 1914-ம் ஆண்டு அர்ச். அகுஸ்தீன் பெயரால் வழங்கும் பிறர்சிநேகக் கன்னியர் சபையில் சேர்ந்து, சங்கீதம் கற்பிக்கும் பணியை ஏற்றார். மெலிந்த தேகமுடைய அவர் வேலைப் பளுவினால் உடலும் மனமும் தளர்ந்து நோயில் விழுந்தார். குணமான பின் மேலதிகாரிகள் அவரை 1928-ம் ஆண்டு அக்ரன் நகரத்து அர்ச். தோமையார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நோயாளிகளின் பெயரைப் பதிந்து சேர்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். சிறிய வேலைதான். ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்ற கேள்வி அந்த மேசைக்குத்தான் வரும்.

அந்நாட்களில் குடியர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் இடம் கிடையாது. அதே அக்ரன் நகரில் 1935-ம் ஆண்டு, தாமும் குடியில் விழுந்து எழுந்தவரான டாக்டர் ராபர்ட் ஸ்மித்தும், பில் வில்சன் என்பவரும் சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். குடியை விட்டவன் விட முயல்பவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதே அதன் வழி. டாக்டர் ஸ்மித் கத்தோலிக்கர் அல்லர். அவர் வந்து கேட்டபோது, சகோதரி 1939-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ஒரு குடியரை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். பதிவேட்டில் வயிற்று அழற்சி என்று எழுதப்பட்டது. மிதமிஞ்சிய குடி வயிற்றை அழற்றும் என்பது மெய்தான். ஆயினும் குடிநோய் என்ற பெயரைச் சொல்லி ஒரு கட்டில் பெற முடியாத காலம் அது. குடியை விட்ட நண்பர்கள் வந்து அவருடன் தனியே பேச வசதி வேண்டும் என்று டாக்டர் கேட்கவே, நோயாளிகளுக்கு வரும் பூக்களை ஒழுங்குபடுத்தும் சிற்றறைக்குள் அவருடைய கட்டில் தள்ளப்பட்டது. இப்படித் தொடங்கிய பணியால், டாக்டர் ஸ்மித் 1950-ம் ஆண்டு இறப்பதற்குள் ஏறக்குறைய 5,000 பேர் அந்த ஆஸ்பத்திரியில் கவனிப்புப் பெற்றார்கள். 1952-ம் ஆண்டு சகோதரி கிளீவ்லாந்து நகரத்து அர்ச். வின்சென்ட் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டு, அங்கே செபமாலை மண்டபம் என்ற குடிநோய்ப் பிரிவை நடத்தினார். 1966-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி மரிக்கும்வரை இந்தப் பணியை அவர் மறக்கவில்லை.

நோயாளி வீடு திரும்பும்போது சகோதரி அவர் கையில் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். இனி ஆயுள் முழுதும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. மறுபடியும் குடிக்க நினைத்தால், முதல் கிண்ணத்தைத் தொடுமுன் இந்தச் சின்னத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டும் என்பதே அவர் கேட்ட வாக்கு.

பிரியமானவர்களே, இதைச் சற்று யோசியுங்கள். நம் வீடுகளில் எத்தனை சத்தியங்கள்! வேளாங்கண்ணியில் மொட்டையடித்து ஒரு சத்தியம். பிள்ளையின் தலையில் கைவைத்து ஒரு சத்தியம். பீடத்தின் முன் ஒரு சத்தியம். ஒரு மாதத்தில் அது உடைகிறது. உடைந்ததும் வெட்கம், வெட்கத்தை மறக்க மறுபடியும் குடி. அதன்பின் கோயில் வாசற்படி மிதிக்கவும் கூச்சம். சத்தியம் செய்தது தவறல்ல. ஆனால் நோயாகிப் போன பழக்கத்தைத் தனியொருவனுடைய மனவுறுதி மாத்திரம் வெல்லும் என்று எண்ணுவது தேவ வரப்பிரசாதத்தையும் மறப்பது, பிறர் உதவியையும் மறப்பது. சகோதரி கேட்ட வாக்கோ ஆபத்தான அந்த நேரத்தில் அவனை ஒரு மனிதரிடம் நடந்து வரச் செய்தது.

குடிவெறி பாவமா, நோயா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அறிந்தும் மனதார மிதமிஞ்சிக் குடிப்பது பாவமே. திருச்சபையின் போதனையில் மாற்றமில்லை. ஆனால் நாள்பட்ட குடி, மனிதனுடைய சுயாதீனத்தையே அரித்துவிடுகிறது. அவனுக்குப் பாவசங்கீர்த்தனமும் வேண்டும், வைத்தியரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிடாதீர்கள். முக்கியமாக, பல ஆண்டுகள் விடாமல் குடித்தவரைத் திடீரென அறையில் அடைத்துப் போட்டு நிறுத்த முயலாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை கண்டு உயிருக்கே மோசம் வரலாம். வைத்தியர் பார்வையில்தான் நிறுத்தவேண்டும்.

தாய்மாரே, கணவரின் குடியை மறைத்து, கடனை அடைத்து, வேலை கொடுப்பவரிடம் காய்ச்சல் என்று சொல்லியனுப்பி நீங்கள் படும் பாடு சர்வேசுரனுக்குத் தெரியும். அந்தக் குடி உங்கள் குற்றமல்ல. அடி பொறுத்திருப்பதும் புண்ணியமல்ல. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்தென்றால் வெளியேறி அடைக்கலம் தேடுங்கள். சகோதரி இக்னேஷியா மனைவி மக்களின் வேதனையையும் செவிகொடுத்துக் கேட்டார். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்னும் கூட்டங்கள் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் நமது தமிழ்நாட்டில் நடைபெறுகின்றன. கட்டணம் கிடையாது, குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும், பெயர் வெளிவராது. போக வழி தெரியாதவர்கள் பங்கு அறைவீட்டுக்கு வாருங்கள்.

மற்றவர்களுக்கும் கடமை உண்டு. வருமுன் காப்பதே மேலான தர்மம். ஞானஸ்நான விருந்திலும் கலியாணத்திலும் சாவு வீட்டிலும் மதுபானம் வைப்பதை நிறுத்துவோம். சிறுவர் கையில் காசு கொடுத்துப் புட்டி வாங்கிவர அனுப்பாதிருப்போம். குடியை விட்டு ஒரு மாதமானவரை, எத்தனை நாளைக்கு என்று ஏளனம் செய்யாமல், பூசைக்கு வரும்போது நம் பக்கத்தில் இடம் கொடுப்போம். அவருக்கு அந்த ஒரு நாள் கடந்ததே பெரிய வெற்றி.

வருகிற வாரம் ஒவ்வொரு குடும்பமும் செபமாலையின் ஒரு பத்துமணியைக் குடியால் துன்புறும் வீடுகளுக்காக ஒப்புக்கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். செபித்து எழுந்தபின், உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் அதன் கதவைத் தட்டுங்கள். சேசுவின் திருஇருதயம் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதித்துக் காப்பதாக.

உங்கள் பங்குக் குரு