அரைமணி நேரத் தந்தை

மணமுறிவுத் தீர்ப்பு கணவன் மனைவி என்னும் உறவைச் சட்டத்தின்முன் முடித்துவைக்கிறது. தந்தை, தாய் என்னும் உறவை அது முடிப்பதில்லை. பிரிந்த மனைவி பிள்ளைகளோடு டொராண்டோவில் குடியேறிவிட, சென்னையில் தனித்திருக்கும் தந்தை ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு, அங்கே குளிர்காலக் காலை ஒன்பது மணி. அலைபேசித் திரையில் அரைமணி நேரம் அவர் பிள்ளைகளின் முகம் காண்கிறார்.

அந்த அரைமணியில் எதைக் கேட்பது? “வீட்டிற்கு யார் யார் வருகிறார்கள்?” என்று கேட்டால், பிள்ளையை ஒற்றனாக்குகிறார். தாயைப் பழித்தால், பிள்ளை நேசிக்கும் ஒருவரைப் பழிக்கிறார். பிள்ளைகளைப் பிணையாக்க வேண்டாமெனப் பிரிந்த பெற்றோரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில் வேண்டினார். அழைப்பு வரும்போது அலைபேசியைப் பிள்ளையிடம் தருவது தாயின் கடமை. ஆனால் அவ்வேண்டுகோள் தந்தைக்கும் உரியது. கண்ணீராலும் பிள்ளையைப் பிணைக்க முடியுமன்றோ?

துயரை அவர் விழுங்க வேண்டியதில்லை. நண்பரிடமும் இறைவனிடமும் கொட்டலாம். பிள்ளையிடம் கேட்க வேண்டியவை வேறு: விழுந்த பல், புதிய தோழன், நேற்றைய பனிப்பொழிவு.

கோவில் வாசலில் அவரைச் சந்திக்கும் நாமும், தவறு யார்மேல் என்று துருவாமல், “பிள்ளைகள் நலமா?” என்று கேட்போம்.