வேண்டிக்கொண்டவள் யார்?

1986-87இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த டைரி. வீட்டுப்பாடம் குறிக்கத் தந்ததில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்: தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும், அட்டை போடப் பிரவுன் தாள், தோழி பேசாமல் போனது. தை மாதப் பக்கமொன்றில் இப்படி: “மாரியாத்தா, அம்மா எழுந்து நடமாடினால் உறையூரிலிருந்து சமயபுரத்துக்கு நடந்தே வருகிறேன்.” பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கிறது.

அம்மா அப்போது டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தாள், இன்றும் எனக்குக் காலைக் காபி அவள் கையால்தான். ஆனால் இப்படி வேண்டிக்கொண்டது எனக்குத் துளியும் நினைவில்லை. கையெழுத்து என்னுடையது. டைரியில் எழுதிய அந்தப் பெண் சொன்ன சொல் என்னைக் கட்டுமா?

நினைவு எட்டும் தூரம்வரைதான் ஒருவர் அதே ஆள் என்பது தத்துவஞானி ஜான் லாக்கின் கட்சி. 1694இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இதை வாதாடுகிறார். அந்தக் கணக்கில் நான் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அது ஒப்பவில்லை. மறந்தவரெல்லாம் கடன் தீர்ந்தவர் ஆகிவிடுவாரா?

பாலி நூலான மிலிந்த பன்ஹா இன்னும் நெருங்கி வருகிறது. மாங்காய் திருடியவன் சொல்கிறான்: மரத்துக்காரர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்தது வேறு. ஒன்றிலிருந்துதானே மற்றது வந்தது, அதனால் அவன் குற்றவாளிதான் என்று மிலிந்த மன்னனே ஒப்புக்கொள்ளும்படி செய்கிறார் பௌத்தத் துறவி நாகசேனர். சரியான பதில். ஆனாலும் இதில் நான் கூண்டில் நிற்கிறேன். அந்தப் பெண்ணோடு எனக்குள்ள உறவு அதுவல்ல.

சமயபுரத்தில் மொட்டை போடும் இடத்தில் நின்று பார்த்தால் கேள்வியே வேறாகிறது. வேண்டிக்கொண்டவள் தாய், முடி கொடுப்பது மடியில் வீறிடும் குழந்தை. அது எதையும் வேண்டவில்லை. அநியாயம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அம்மனே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப்பட்டினி கிடக்கிறாள், சமைத்த நைவேத்தியம் இல்லாமல், துள்ளுமாவும் பானகமும் நீர்மோருமாக. பக்தர்களுக்காக அவள் இருக்கும் விரதம் அது. ஒருவருக்காக இன்னொருவர் ஏற்பதுதான் அங்கே வழக்கம். வேண்டியவளும் செலுத்துபவளும் ஒரே ஆள்தானா என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை.

அப்படியென்றால் அந்தப் பதினாறு வயதுக்காரிக்காக நான் நடக்கலாம். அவள்தான் நான் என்று நிரூபித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றில்லை. ஏற்றுக்கொண்டு காவிரிப் பாலத்தில் கால் வைக்கும்போதே அவள் சொல் என் சொல்லாகிவிடும் என்று நம்புகிறேன்.

அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். “எனக்காகத்தானே வேண்டிக்கிட்டே. கொள்ளிடம் வரைக்கும் ஆட்டோவில வரேன். அதுக்கப்புறம் முடிஞ்ச மட்டும் உன்கூட நடக்கிறேன்.”