உருவறியாத கை

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடையில் பேசாத அரசியல்வாதி அபூர்வம். கி.பி. 919லும் 921லும், முதல் பராந்தகன் காலத்தில், அந்தச் சதுர்வேதிமங்கலத்துச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைச் சுவரில் வெட்டி வைத்தது. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர்கள், ஒரு குடம். ஜனநாயகத்தை உலகுக்கு நாம்தான் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ள இது போதுமானதாக இருக்கிறது. இந்தப் பெருமையில் எனக்கு அதிகச் சிரத்தை இல்லை. என்னை நிறுத்துவது அதில் உள்ள ஒரு சின்ன ஏற்பாடு. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் சபையின் மூத்தவன் அல்ல, கோயில் நம்பியும் அல்ல. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன். அவன் எடுத்ததை வாங்கிக்கொள்ளும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். வேதம் கற்றவர்கள் நிறைந்த ஒரு சபை, தன் தீர்மானத்தின் மையத்தில் ஓர் அறியாமையை யோசித்து வைத்திருக்கிறது.

அறியாமை ஒரு அறமாக இருக்க முடியுமா? அறிவை விளக்காகவும் அறியாமையை இருளாகவும் படித்து வந்த நமக்கு இந்தக் கேள்வியே சற்று விபரீதமாகப் படும். ஆனால் சில வேலைகளில், அறிந்து நியாயமாக நடப்பதைவிட அறியாதிருப்பது மேலான நியாயம் என்று நாம் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். விடைத்தாளில் பெயரை மறைத்து எண்ணை இடுகிறோம். வாக்குச் சாவடியில் மூன்று புறமும் அட்டை வைத்து மறைக்கிறோம். திருத்துபவர் அயோக்கியர் என்பதல்ல காரணம். அவருடைய யோக்கியதையை நம்பித்தான் மாணவன் தேற வேண்டும் என்ற நிலைமையே அவனுக்கு இழிவு என்பதுதான்.

இணையம் இந்த ஏற்பாட்டின் மேல் கட்டப்பட்டது. ஏனாத்தூரில் ஒருவர் கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைந்து வருகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்பும் முகவரி, சேரும் முகவரி. இடையில் உள்ள இயந்திரங்கள் முகவரியைப் பார்த்து அடுத்த இயந்திரத்திடம் தள்ளிவிடுகின்றன. உள்ளே இருப்பது மருத்துவக் குறிப்பா, சினிமாப் பாட்டா, யாருடைய கடை, யாருடைய பத்திரிகை என்று பார்ப்பது அவற்றின் வேலை அல்ல. புத்தி எல்லாம் இரண்டு முனைகளில். நடுவில் இருப்பது வெறும் கை. 2003இல் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இதற்கு ஒரு பெயர் வைக்கும்போது, அதற்கு ஆபத்து தொடங்கிவிட்டிருந்தது. பொட்டலத்தின் உள்ளே எட்டிப் பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. பார்க்க முடிந்தால் பிரிக்கலாம். பிரிக்க முடிந்தால் ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும், ஒன்றை இலவசமாகவும் ஒன்றைக் காசுக்கும் அனுப்பலாம். கண் திறந்த சிறுவனுக்குக் கையூட்டு கொடுக்க ஆள் வருவதற்கு நேரமாகாது.

தமிழில் இதை ‘இணைய நடுநிலை’ என்கிறார்கள். வேறு வார்த்தை கிடைக்காததால் நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் இந்த வார்த்தை விஷயத்தைச் சற்றுத் திருகிவிடுகிறது. நடுநிலை என்றதும் நம் மனதில் வருவது துலாக்கோல்: இரண்டு தட்டையும் எடை பார்த்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் நீதிமான். இங்கே கேட்கப்படுவது நீதிமான் அல்ல. எடை பார்க்காதே என்பதுதான் கோரிக்கை. நடுநிலையான ஒரு தபால்காரர் என் கடிதத்தைப் படித்துவிட்டுப் பாரபட்சமில்லாமல் கொண்டு வருவார் என்றால், அந்தத் தபால்காரர் எனக்கு வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்னை வந்த விதத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது; அப்போது சத்தம் போட்டவர்களே இப்போது மறந்துவிட்டார்கள். 2015 பிப்ரவரியில், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து ‘இன்டர்நெட்.ஆர்க்’ என்ற திட்டத்தை ஆறு மாநிலங்களில் தொடங்கின. அதில் தமிழ்நாடு ஒன்று. அதன் மொழிகளில் தமிழ் ஒன்று. முப்பத்துச் சொச்சம் தளங்களுக்குக் காசு கிடையாது. மற்றவற்றுக்கு உண்டு. ஏப்ரலில் ஏர்டெல் வேறொரு திட்டம் அறிவித்தது: கம்பெனி பணம் கட்டினால் அதன் செயலியை வாடிக்கையாளர் இலவசமாகப் பார்க்கலாம். அதில் சேர இருந்த ஃப்ளிப்கார்ட், எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே விலகிக்கொண்டது. இதற்கிடையில் மார்ச் மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஓர் ஆலோசனைத் தாளை வெளியிட்டு அபிப்ராயம் கேட்டிருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. அனுப்பியவர்களின் முகவரிகளோடு அவ்வளவையும் தன் தளத்தில் தூக்கிப் போட்டது ஆணையம். நம் அரசாங்க அலுவலகங்களுக்கே உரிய வெகுளித்தனம் அது.

செப்டம்பரில் இன்டர்நெட்.ஆர்க் ‘ஃப்ரீ பேஸிக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. டிசம்பரில் முழுப் பக்க விளம்பரங்கள். ஃபேஸ்புக்கைத் திறந்தவர்களிடம், ஆணையத்துக்கு ஆதரவுக் கடிதம் அனுப்புங்கள் என்று ஃபேஸ்புக்கே கேட்டது. லட்சக்கணக்கில் ஒரே வாசகம் போய்க் குவிந்தது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இது பதில் இல்லை, இது வாக்கெடுப்பு இல்லை என்று ஆணையம் சற்றுக் கோபமாகவே சொல்ல வேண்டியதாயிற்று. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி விதி வந்தது: உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வித்தியாசம் செய்யக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கு இது டீச்செலவு என்பது வேறு விஷயம்.

அப்போது வைக்கப்பட்ட வாதம் ஒன்றுதான் எனக்கு முக்கியம். ஒன்றுமில்லாதவனுக்கு ஏதோ கொஞ்சம் கிடைப்பது நல்லதில்லையா? மார்க் ஸக்கர்பெர்க் 2015 டிசம்பரில் ஓர் ஆங்கில நாளிதழில் எழுதிய கட்டுரையில் நூலகத்தை உதாரணம் காட்டினார். எல்லாப் புத்தகமும் இல்லாவிட்டாலும் நூலகம் நல்லதுதானே என்று. இதை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் நகரத்தில் அகலப்பட்டை இணைப்போடு இருந்தவர்கள். கிராமத்து ஏழைக்கு இது வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார் என்ற கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. பசியில் இருப்பவன் இலையில் என்ன வைத்தார்கள் என்று விமர்சனம் செய்யமாட்டான். விமர்சனம் வயிறு நிறைந்தவனுடைய வசதி.

ஆனால் இந்த உதாரணத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஊர்ப்புற நூலகத்தில் புத்தகம் குறைவாக இருப்பது ஒன்று. நூலகத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பதிப்பாளராகவும் இருந்து, எந்தப் புத்தகம் என்ன நிபந்தனையில் உள்ளே வரலாம் என்று அவரே விதித்து, யார் எதை எடுத்தார்கள் என்ற பேரேட்டையும் அவரே வைத்துக்கொள்வது வேறொன்று. ஃப்ரீ பேஸிக்ஸில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று பிறகு சொன்னார்கள், உண்மைதான். சேருகிறவர் அவர்களுடைய தொழில்நுட்ப விதிக்கு உட்பட வேண்டும், போக்குவரத்து அவர்களுடைய இயந்திரத்தின் வழியாகப் போக வேண்டும். குறைவாகக் கொடுப்பது குற்றமல்ல. கொடுப்பவனே வழியும் ஆகிவிடுவதுதான் சங்கடம். மணிமேகலை காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் பசி தீர்த்த கதை நமக்குத் தெரியும். அந்தப் பாத்திரத்துக்குப் பசி மட்டும்தான் தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களின் பேரேடு எதுவும் அதில் இல்லை.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவை வைத்து இதை யோசிக்கலாம். ஒரு நெசவாளிக் குடும்பம், மாஸ்டர் வீவருக்குக் கூலிக்கு நெய்து கொடுப்பதை விட்டு, தான் நெய்த சேலையைத் தானே படமெடுத்துத் தன் பக்கத்தில் போட்டு விற்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய கடைச் செயலி வாங்குபவருக்கு இலவசம், நெசவாளியின் பக்கத்துக்குக் காசு என்றால், யாரும் அந்த நெசவாளியைத் தடுக்கவில்லை. அவர் பக்கம் திறந்துதான் இருக்கிறது. அங்கே போகும் வழி மட்டும் மேடாகிவிட்டது. தடைக்கு ஒரு ஆணை உண்டு, அதை எதிர்த்து வழக்குப் போடலாம். மேட்டை எதிர்த்து யாரிடம் போவது? தான் தோற்றது சேலை நன்றாக இல்லாததால் என்றே அந்தக் குடும்பம் கடைசி வரை நினைத்துக்கொண்டிருக்கும். தோற்றவனிடமிருந்து தோல்வியின் காரணத்தையும் பறித்துக்கொள்வது சாதாரண அநியாயத்தைவிட ஒரு படி கீழானது.

சிற்றேட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 1959இல் ‘எழுத்து’ வந்ததிலிருந்து இங்கே சிறுபத்திரிகை உயிரோடு இருந்ததற்கு மேதைமை ஒரு காரணம் என்றால் தபால் இன்னொரு காரணம். முந்நூறு பிரதி அச்சடித்தவனும் மூன்று லட்சம் அச்சடித்தவனும் தபாலாபீஸில் ஒரே எடைக்கு ஒரே கட்டணம்தான் கொடுத்தார்கள். கடைக்காரன் நம் பத்திரிகையைத் தொங்கவிடவில்லை, படித்தவர்கள் கேட்டு வாங்கவில்லை; ஆனால் உள்ளே அச்சாகியிருக்கும் கவிதை புரியவில்லை என்று எந்தத் தபால்காரரும் அதைத் தாமதப்படுத்தியதில்லை. பதிவு பெற்ற பத்திரிகைக்குத் தனிச் சலுகைக் கட்டணம் இருந்ததே, அது பாரபட்சம் இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே வித்தியாசம் வகைக்கும் வகைக்கும் இடையில். கடிதத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. ஒரே வகைக்குள் இன்னார் பத்திரிகை, இன்னார் பத்திரிகை என்று பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவது என்று நடுநிலையை அர்த்தப்படுத்தினால் அது முட்டாள்தனமாகிவிடும்; ஆம்புலன்ஸுக்கு வழி விடத்தான் வேண்டும். ட்ராய் 2017 நவம்பரில் கொடுத்த பரிந்துரையும், 2018 ஜூலையில் அரசு அதை ஏற்றதும் இதை ஒத்துக்கொள்கின்றன. நெரிசலைச் சமாளிக்க நியாயமான ஒழுங்குகள் செய்யலாம். தனிவகைச் சேவைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆம்புலன்ஸ் யாருடையது என்று பார்த்து வழி விடுவதைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது.

இனி இந்த வாதத்தின் பலவீனமான பக்கத்துக்கு வருகிறேன். குடத்தில் நுழைந்த கை உருவறியாதது. குடத்துக்குள் போன பெயர்களோ? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி. பெண்ணும் உழவனும் பறையனும் அந்த ஓலையில் இல்லை. சிறுவனின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தும் அவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. சாலையும் அப்படித்தான். சாலை தன்மேல் நடப்பவர் யார் என்று கேட்டதில்லை. சாலையோரத்து மனிதர்கள் கேட்டார்கள். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன் இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்தவர்.

ஆகவே வழியின் குருட்டுத்தனம் மட்டும் நீதி ஆகாது. ஃப்ரீ பேஸிக்ஸ்காரர்கள் குடத்தின் வாயை அகலமாக்குகிறோம் என்றார்கள். அதற்கு விலையாகச் சிறுவனின் கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். இந்தப் பேரம் தவிர்க்க முடியாதது அல்ல என்று அதே வருஷம் தெரிந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, மாதக் கணக்கில் எல்லாத் தளங்களுக்கும் சேர்த்தே காசில்லாமல் விட்டது. தர்மம் அல்ல, போட்டியாளர்களை வீழ்த்தும் வியாபாரம். இருந்தாலும் இலவசத்துக்கும் பொறுக்கியெடுப்பதற்கும் அவசியமான சம்பந்தம் கிடையாது என்பதை அது நிரூபித்தது. பின்கதை அவ்வளவு சுவாரஸ்யமானதல்ல. 2020 ஏப்ரலில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 9.99 சதவீதம் வாங்கியது. கட்டண விதி இதைத் தொடாது. முனையில் உட்கார்ந்து நமக்கு எதைக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் தேடுபொறிகளையும் அது தொடாது. இருந்தும் அது வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஏரியில் தண்ணீர் போதவில்லை என்பதற்காக மடையை ஒரே வயலுக்குத் திருப்பிவிடச் சம்மதிக்க முடியாது.

கம்பெனி மட்டும்தான் பொறுக்கியெடுக்கும் என்பதும் இல்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தை முழுக்க நிறுத்திய அரசு, 2020 ஜனவரியில் அனுமதித்த தளங்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. முதலில் 153, ஒரு வாரத்தில் 301. மார்ச் தொடக்கம் வரை காஷ்மீரிகள் அந்தப் பட்டியலுக்குள்தான் இருந்தார்கள். ஃப்ரீ பேஸிக்ஸுக்கும் இதற்கும் நோக்கத்தில் எவ்வளவோ தூரம். ஒன்று தானம், ஒன்று தண்டனை. உருவத்தில் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் யாரோ உட்கார்ந்து எழுதிய பட்டியல், அதற்கு வெளியே உலகம்.

இப்போது விவாதம் திசை மாறியிருக்கிறது. பெரிய உள்ளடக்கக் கம்பெனிகள் எங்கள் குழாயை நிரப்புகின்றன, அவர்களும் பங்கு கொடுக்கட்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. வாடிக்கையாளர் ஏற்கெனவே காசு கட்டித்தான் அதைக் கேட்டு வாங்குகிறார் என்பதை மறந்துவிட்டு. அமெரிக்காவில் 2015இல் வந்த விதி 2017இல் போய், 2024இல் திரும்பி, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது. இங்கே 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் இயற்றினார்கள். அதே 2023 ஜூலையில் ட்ராய் மறுபடி ஓர் ஆலோசனைத் தாளைக் கொண்டுவந்தது. கலவர காலத்தில் இணையம் முழுவதையும் மூடாமல், குறிப்பிட்ட செயலிகளை மட்டும் பொறுக்கித் தடுக்க முடியுமா என்பது அதில் ஒரு கேள்வி. 2021இலேயே நாடாளுமன்ற நிலைக்குழு இதைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருந்தது. பார்வைக்கு இது மனிதத்தன்மையோடுதான் இருக்கிறது. முழு அடைப்பில் தபாலும் மருந்தும் பணமும் நின்று போகிறவர்கள் இதை வரவேற்கவும் கூடும். ஒன்றுமில்லாததற்குக் கொஞ்சம் மேல் என்ற அதே வாதம்தான், இந்த முறை சர்க்காரின் வாயிலிருந்து. அதை நிறைவேற்ற வேண்டுமென்றால் வழியில் உள்ள ஒவ்வொரு கையும் தான் எடுக்கும் ஓலையை முதலில் படித்துப் பார்த்தாக வேண்டும்.